பேழைக்குள் பூட்டிய பெருமை

காசு என்பது ஓர் அரசு தன் குடிகளின் கையில் வைக்கும் வாக்கு. அதன்மேல் பொறித்த உருவையும் எழுத்தையும் மட்டும் நோக்குவோர் அவ்வாக்கில் பாதியையே படித்தவராவர். அக்காசு எவர் கைக்குச் செல்கின்றது, எந்தக் கடையில் ஏற்கப்படுகின்றது, இறுதியில் எங்கே போய்த் தங்குகின்றது என்பனவற்றையும் நோக்கினால்தான் அவ்வாக்கு மெய்யா, வெறும் மேற்பூச்சா என்பது விளங்கும்.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்றிய நாடுகளின் அரசு ஒரு தாலர் காசொன்றை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கின்றார். அவர் பெயர் செக்குவோயா. அவர் எழுதும் எழுத்து ஆங்கிலம் அன்று, செரோக்கி. ஆங்கிலம் படிக்கவறியாத அவரே தம் தாய்மொழிக்கென்று தனியொருவராய் முயன்று 1821-இல் ஆக்கி முடித்த எழுத்து. "செரோக்கி நாட்டுச் செக்குவோயா" என்னும் பொருள்பட அவ்வெழுத்தாலேயே காசின் விளிம்பையொட்டிப் பொறிக்கப்பட்டுள்ளது.

மொழிப்பற்றுடையார் எவரும் இக்காசைக் கண்டவுடன் நெஞ்சம் நெகிழ்வர். ஒரு சிறுபான்மை இனத்தின் எழுத்து வல்லரசொன்றின் நாணயத்தில் ஏறியதே என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி நிற்க. அக்காசு கடைத்தெருவுக்கென அடிக்கப்பட்டதன்று. காசு சேர்ப்போர் வாங்கிப் பேழையில் வைப்பதற்கென, முகமதிப்பினும் மிகுந்த விலைக்கு விற்கப்பட்டது. செரோக்கி எழுத்து நாணயத்தில் ஏறியது உண்மை; அந்நாணயம் நாட்டில் இறங்கவில்லை என்பதும் உண்மை. கைக்கு வாராத காசில் காட்டும் மதிப்பு மதிப்பாகுமா என்பதே கேள்வி. விடை காண, அந்நாட்டுத் தாலரின் வரலாற்றை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

தாலரும் அதன் நிறையும்

டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. ஆதலின் தனித்தமிழார் 'தாலர்' என்றெழுதுவர். ஆங்கிலம் கற்றார் சிலர் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. அவர்தம் நகைப்புக்கு வரலாறே விடை கூறுகின்றது. பொகீமிய நாட்டில் யோவாக்கிம்சுதால் என்னும் பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்த வெள்ளியைக் கொண்டு, 1520-ஐ ஒட்டிச் சிலிக்குக் குடிப் பெருமக்கள் பெரிய வெள்ளிக்காசு அடித்தனர். ஊர்ப்பெயரால் அது யோவாக்கிம்சுதாலர் எனப்பட்டு, பின்னர்த் தாலர் எனக் குறுகிற்று. செருமானிய மொழியில் 'தால்' என்பது பள்ளத்தாக்கு. அச்சொல் நெதர்லாந்து வழியே ஆங்கிலம் புகுந்து திரிந்தது. தமிழிலக்கணத்தைக் காத்தவர், தாம் அறியாமலே அச்சொல்லின் மூலத்தையும் காத்தவராயினர் என்க.

அமெரிக்கர் விடுதலை பெற்ற காலத்தில் அவர்கள் கையில் மிகுதியும் வழங்கியது எசுப்பானியரின் எட்டு ரியால் வெள்ளிக்காசே. அதனை அளவாகக் கொண்டு, 1792 ஏப்பிரல் 2-ஆம் நாள் நாணயச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தாலரில் தூய வெள்ளி 371¼ கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 24.06 கிராம் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் வரையறுத்தது. அக்கசாலை அலுவலர் எவரேனும் வஞ்சித்து மாழையின் தூய்மையைக் குறைத்தால் அவர்க்குச் சாவே ஒறுப்பு என்றும் விதித்தது. காசின் நிறையை அரசின் நாவாகக் கருதிய காலம் அது.

காசின்மேல் எவர் உருவைப் பொறிப்பது என்னும் கேள்வியும் அன்றே எழுந்தது. குடியரசுத் தலைவரின் தலையைப் பொறிக்க மேலவை விழைந்தது. அது முடியரசர் வழக்கம் என்று கீழவை மறுத்தது. முடிவில் விடுதலையைக் குறிக்கும் உருவும் 'விடுதலை' என்னும் சொல்லும் பொறிக்கப்பட வேண்டும் எனச் சட்டமாயிற்று. 1794-இல் பிலடெல்பியா அக்கசாலை 1,758 வெள்ளித் தாலர்களை அடித்து அளித்தது. விரிகூந்தலுடைய ஒரு பெண்ணின் உருவில் விடுதலை அவற்றின் முகப்பில் நின்றது. அவற்றுள் ஒன்று 2013-இல் ஒரு கோடித் தாலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று.

பெண்ணுருவில் விடுதலையைப் பொறித்த அந்நாடு, பெண்ணுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை அளித்தது 1920-இல். இடைப்பட்ட ஆண்டுகள் 126. காசில் பொறிப்பது ஒன்று, நாட்டில் நடப்பது வேறொன்று என்னும் வழக்கம் முதற் காசிலேயே தொடங்கிவிட்டது.

பேழைக்கென அடித்த முதற்பொய்

1804 என ஆண்டெண் பொறித்த தாலர், காசு சேர்ப்போரால் காசுகளின் வேந்தன் எனப் போற்றப்படுவது. அவ்வாண்டில் அக்கசாலை அடித்த தாலர்களோ முந்தைய ஆண்டுகளின் எண்ணையே தாங்கின. 1834-ஐ ஒட்டி, மசுகட்டுச் சுல்தானுக்கும் சயாம் மன்னர்க்கும் பரிசளிக்க அமெரிக்க அரசு விரும்பியபோதுதான் 1804 என்னும் எண்ணுடன் தாலர்கள் புதிதாக அடிக்கப்பட்டன. அவற்றின் அருமையைக் கண்டு, 1858-ஐ ஒட்டி அக்கசாலை ஊழியர் சிலர் மறைவாக மேலும் சிலவற்றை அடித்து விற்றனர். இன்று உலகில் உள்ளவை எல்லாம் கூட்டினும் இருபதைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் பல பத்திலக்கம் தாலர் விலை பெறுகின்றது.

நிறை பொய்த்தால் சாவொறுப்பு என்ற அரசு, ஆண்டு பொய்த்தபோது வாளாவிருந்தது. கைக்கென அடிக்கும் காசில் பொய் கூடாது. பேழைக்கென அடிக்கும் காசில் எதுவும் கூடும் என்னும் இருமுறை இங்கே வேர்கொண்டது.

தகலோனிகாவின் பொன்

செக்குவோயாவின் எழுத்தைச் செரோக்கி நாடு 1825-இல் தன் எழுத்தாக ஏற்றது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் தம் தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் கற்றனர். 1828 பிப்பிரவரி 21-ஆம் நாள் அவர்கள் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து, செரோக்கியிலும் ஆங்கிலத்திலுமாக 'செரோக்கி பீனிக்சு' என்னும் செய்தித்தாள் வெளிவந்தது. தமக்கென நாடும் அவையும் எழுத்தும் அச்சும் உடைய மக்களாக அவர்கள் நிமிர்ந்து நின்றனர்.

அவர்கள் மண்ணில் பொன் இருந்தது. கேடு அதனால் வந்தது. 1829-இல் சியார்சியாப் பகுதியில் பொன் வேட்டையர் புகுந்தனர். 1830 மே 28-ஆம் நாள், பழங்குடிகளை மேற்கே பெயர்க்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சாக்சன் ஒப்பமிட்டார். 1832-இல் சியார்சியா அரசு செரோக்கி நிலத்தைப் பொன்னிலம் எனக் கூறுபோட்டு, நாற்பது நாற்பது ஏக்கராகக் குலுக்கலில் வெள்ளையர்க்கு வழங்கிற்று. செரோக்கி நாட்டில் சியார்சியாவின் சட்டம் செல்லாது என அதே ஆண்டில் உச்சமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தாளில் இருந்தது, நிலம் பறிபோயிற்று. 1835-இல் செரோக்கியரின் அச்சுப்பொறியையும் சியார்சியாப் படையினர் கைப்பற்றினர்.

அதே 1835-இல், மார்ச்சு 3-ஆம் நாள், அப்பகுதிப் பொன்னைக் காசாக்கத் தகலோனிகா என்னும் ஊரில் அக்கசாலை அமைக்கும் சட்டத்திலும் சாக்சன் ஒப்பமிட்டார். தகலோனிகா என்பதே செரோக்கிச் சொல். மஞ்சள் என்பது அதன் பொருள். பொன்னையும் அச்சொல் குறிக்கும். 1838-இல் அவ்வக்கசாலை காசடிக்கத் தொடங்கியது. அதே 1838-இல் செரோக்கியர் படைக்கலம் காட்டித் துரத்தப்பட்டனர். ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுள் 4,000 பேர் அளவில் பசியாலும் குளிராலும் நோயாலும் மாண்டனர் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. அவ்வழியைக் கண்ணீர்த்தடம் என வரலாறு வழங்குகின்றது.

1849 முதல் 1861 வரை அத்தகலோனிகா அக்கசாலையில் பொன் தாலர் அடிக்கப்பட்டது. முதலில் வந்ததன் விட்டம் 13 மில்லிமீட்டர்; எடை 1.672 கிராம், பொன் 90 விழுக்காடு. சட்டைப் பொத்தானினும் பெரிதன்று. அக்கசாலைக் குறியாக ஒரே ஓர் எழுத்து அதன்மேல் உண்டு. அவ்வெழுத்துக்காகவே காசு சேர்ப்போர் பெருவிலை தருகின்றனர். அச்சிறு பொன் வட்டத்தின் முகப்பிலும் விடுதலை அணங்கின் தலையே பொறிக்கப்பட்டுள்ளது! ஓர் இனத்தை வேரொடு பெயர்த்த மண்ணில் நின்று அடித்த காசில் விடுதலை! இதனினும் கொடிய நகை வேறுண்டோ?

வெள்ளி பேசிய காலம்

1873-ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான வெள்ளித் தாலரை நீக்கியது. சீன வணிகத்திற்கென 420 கிரெயின் நிறையுள்ள வணிகத் தாலர் ஒன்றை ஏற்படுத்தியது. வெள்ளியின் விலை சரியவே, 1876-இல் உள்நாட்டில் அதற்கிருந்த சட்ட ஏற்பும் நீக்கப்பட்டது. முதலாளிமார் அதனைக் குறைவிலைக்கு வாங்கி, முழு மதிப்புக்கெனத் தொழிலாளர்க்குக் கூலியாக அளந்தனர். கூலி பெற்றவர் கடைக்குச் சென்றபோது அதன் மதிப்புக் குறைந்திருந்தது. அரசின் வாக்கு பிறழ்ந்தால் அடி விழுவது ஏழையின் மடியில்தான்.

உழவரும் சுரங்க மாநிலத்தாரும் எழுப்பிய குரலால், 1878 பிப்பிரவரி 28-ஆம் நாள் வெள்ளித் தாலர் மீண்டது. ஆங்கில நாட்டில் பிறந்த சியார்சு மார்கன் அதனை வரைந்தார். 38.1 மில்லிமீட்டர் விட்டம், 26.73 கிராம் எடை. 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. 1904 வரையிலும், மீண்டும் 1921-இலும் அது அடிக்கப்பட்டது. தொடர்ந்து 1921 முதல் 1935 வரை இடையிடையே வந்த அமைதித் தாலரும் அதே அளவும் நிறையும் உடையதே. 1792-இல் சட்டம் வகுத்த தூய வெள்ளியளவு 1935 வரை வழக்கமான தாலரில் மாறவேயில்லை. அவ்வளவில் அவ்வரசைப் பாராட்டலாம்.

அவ்வெள்ளிக்கு இந்திய நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில், தாட்பணத்தைக் கொடுத்து வெள்ளி உரூபாய் கேட்டோர் இங்கு மிகுந்தனர். ஆங்கில ஆட்சியிடம் போதிய வெள்ளி இல்லை. 1918 ஏப்பிரல் 23-ஆம் நாள் இயற்றிய சட்டத்தின்படி அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளித் தாலர்களை உருக்கியது. அவற்றுள் 25 கோடியே 91 இலக்கம் தாலரின் வெள்ளி, இந்தியாவுக்கென ஆங்கில அரசுக்கு விற்கப்பட்டது. எந்த ஆண்டுக் காசு எவ்வளவு உருகியது என்பதற்குக் கணக்கில்லை. இன்றுள்ள அருமைக்கு அதுவும் ஒரு கரணியம். அன்றைய காசு உருகியும் ஒருவர் கடனைத் தீர்த்தது. இன்றைய பேழைக்காசு உருகாமலும் எவர்க்கும் உதவுவதில்லை.

மார்கன் தாலர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1879-இல், பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்திலேயே, கார்லைல் என்னும் ஊரில் பழங்குடிச் சிறுவர்க்கு உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டனர். முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசியவர்க்கு ஒறுப்பு விழுந்தது. ஒரு கூடத்தில் விடுதலையின் உருவை வெள்ளியில் அடித்தனர். இன்னொரு கூடத்தில் குழந்தையின் நாவிலிருந்து தாய்மொழியை அடித்தனர்.

செல்வர்க்கு வெள்ளி, மக்களுக்குச் செம்பு

1971-இல் ஐசனாவர் உருவம் பொறித்த தாலர் வந்தது. அதே 38.1 மில்லிமீட்டர், ஆனால் எடை 22.68 கிராம், செம்பின்மேல் செம்பு நிக்கல் கலவை போர்த்தியது, வெள்ளி துளியுமில்லை. அதே ஆண்டில், அதே உருவுடன், 24.59 கிராம் எடையில் 40 விழுக்காடு வெள்ளியுடைய தாலரும் வந்தது. அது காசு சேர்ப்போர்க்கு. மெருகிட்டது பத்துத் தாலருக்கும், மெருகிடாதது மூன்று தாலருக்கும் விற்கப்பட்டது. ஒரே அரசு, ஒரே ஆண்டு, ஒரே முகம். கைக்கு வருவது செம்பு. பேழைக்குப் போவது வெள்ளி. மாழையின் தூய்மை குறைத்தாரைக் கொல்லச் சொன்ன சட்டத்தின் வழிவந்தோர் செய்த ஏற்பாடு இது!

1979-இல் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. அந்தோனியின் உருவம் தாலரில் ஏறியது. வழக்கத்தில் விடும் அமெரிக்கக் காசில் இடம்பெற்ற முதல் மெய்யான பெண் அவர்; அதற்கு முன் வந்தவை கற்பனை அணங்குகளே. 1872-இல் வாக்களித்த குற்றத்திற்காக நூறு தாலர் ஒறுப்புக்கட்டணம் விதிக்கப்பெற்று, அதனைக் கட்ட மறுத்தவர் அவர். அவர் மறைந்தது 1906. பெண்கள் வாக்குரிமை பெற்றது 1920. நூறு தாலர் கேட்ட நாடு, நூறாண்டு கழித்து அவர்க்கு ஒரு தாலரில் இடம் தந்தது.

அவ்விடமும் எத்தகையது? விட்டம் 26.5 மில்லிமீட்டர், எடை 8.1 கிராம்; வெண்ணிறம்; விளிம்பில் வரிப்பள்ளம். கால் தாலர்க் காசும் அதே நிறம், அதே விளிம்பு, விட்டம் 24.26 மில்லிமீட்டர். இரண்டேகால் மில்லிமீட்டர் வேறுபாட்டில் ஒரு தாலரைக் கால் தாலரெனக் கொடுத்து ஏமாந்தோர் பலர். முதலாண்டில் மட்டும் 75 கோடிக்கும் மேல் அடித்துக் குவித்தனர். மக்கள் ஒதுக்கினர். 1981-இல் நிறுத்தினர், 1999-இல் மட்டும் ஒருமுறை மீண்டும் அடித்தனர். காசு தோற்றது, பழி அப்பெண்ணின் பெயர்மேல் நின்றது.

2000-இல் வந்தது சகாகவியாவின் தாலர். சோசோனிப் பழங்குடிப் பெண்ணாகிய அவர், லூயிசு, கிளார்க்கு ஆகியோர் 1804 முதல் 1806 வரை நிகழ்த்திய மேற்றிசைப் பயணத்தில், கைக்குழந்தையைச் சுமந்துகொண்டே மொழிபெயர்த்தும் வழியறிந்து உதவியும் உடன் சென்றவர். பயணம் முடிந்தபின் அவர் கணவர்க்கு ஐந்நூறு தாலரும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. அவர்க்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவரை நேரிற் கண்டு வரைந்த படமும் இல்லாமையால், இக்காலத்துப் பழங்குடி இளம்பெண் ஒருத்தியை முன்னிறுத்தியே அவ்வுருவத்தை வடித்தனர்.

அக்காசின் அளவும் எடையும் அந்தோனி தாலரைப் போன்றவையே. நிறம் மட்டும் பொன் போன்றது. உள்ளே செம்பு, மேலே மங்கனீசு கலந்த பித்தளை. முழுக்காசிலும் செம்பு 88.5, துத்தநாகம் 6, மங்கனீசு 3.5, நிக்கல் 2 விழுக்காடு. பொன்னிறம் உண்டு, பொன் இல்லை. ஒரு காசும் பெறாத பெண்ணுக்குக் காசிலேயே உருவம் கொடுத்தவர், அவர் நிறத்தையும் பொய்ப்பொன்னாகவே கொடுத்தனர்.

சாக்சனும் செக்குவோயாவும்

2007 தொடங்கி இருவகைத் தாலர்கள் ஏற்பட்டன. ஒன்று, மறைந்த குடியரசுத் தலைவர்களின் வரிசை. மற்றொன்று, 2009 முதல் சகாகவியா முகப்பாக, பின்புறத்தில் ஆண்டுக்கொரு பழங்குடிச் சிறப்பைக் காட்டும் வரிசை. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே கலவை. ஆண்டெண்ணும் அக்கசாலைக் குறியும், 'பலவற்றினின்று ஒன்று' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும் காசின் விளிம்பில் பொறிக்கப்பட்டன. பலரையும் ஒன்றெனக் கொள்ளும் கொள்கைக்கு அந்நாட்டார் ஒதுக்கிய இடம் விளிம்பே.

2008-இல் ஆண்ட்ரூ சாக்சனின் தாலர் வந்தது. 12 கோடிக்கும் மேற்பட்டவை அடிக்கப்பட்டு வழக்கத்திற்கு விடப்பட்டன. 2011 முடிவதற்குள் எடுப்பாரற்ற தாலர்கள் நடுவண் வைப்பகங்களில் 140 கோடியை ஒட்டிக் குவிந்துவிட்டன. அவ்வாண்டு திசம்பரில், வழக்கத்திற்கென அடிப்பதை அரசு நிறுத்தியது. 2012 தொடங்கிப் பழங்குடித் தாலரும் காசு சேர்ப்போர்க்கெனவே அடிக்கப்பட்டது. 2016-இல் வந்தது, இரு உலகப் போர்களிலும் தம் தாய்மொழியைப் போர்க்குறிமொழியாக்கி அந்நாட்டைக் காத்த பழங்குடி வீரர்க்கான காசு. எம்மொழிகளைப் பள்ளிக்கூடங்களில் அடித்து ஒடுக்கினரோ, அம்மொழிகளே களத்தில் கைகொடுத்தன. அடுத்த ஆண்டில் வந்தது செக்குவோயாவின் காசு.

இரு காசுகளையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்றில் செரோக்கியரை வேரறுத்தவர். மற்றொன்றில் செரோக்கியர்க்கு எழுத்தளித்தவர். இரண்டும் 26.5 மில்லிமீட்டர், இரண்டும் 8.1 கிராம், இரண்டும் ஒரே பித்தளை. தராசுக்கு இருவரும் ஒப்பு! செக்குவோயா தொழிலால் வெள்ளிக்கொல்லர் என்பதையும் ஈண்டு நினைக. எழுத்தளித்த நன்றிக்காகச் செரோக்கிப் பேரவை அவர்க்கு வெள்ளிப் பதக்கம் அளித்தது. வெள்ளிக்கொல்லர்க்கு அவர்தம் மக்கள் வெள்ளியால் மதிப்புச் செய்தனர். பேரரசு பித்தளையால் செய்தது.

மறுப்பார்க்கு விடை

"மக்களே தாலர்க் காசை வேண்டாவென்றனர், அரசு என்செய்யும்?" என்பர் சிலர். ஒரு தாலர்த் தாளை நிறுத்தாமல் விட்டுவிட்டு, அதனருகே கனமான காசை வைத்தால் எவர்தாம் காசைத் தேர்வர்? அண்டை நாடாகிய கனடா 1987-இல் தாலர்க் காசை வெளியிட்டது; 1989-இல் ஒரு தாலர்த் தாளை வழங்குவதை நிறுத்தியது; காசு நிலைத்தது. தாளை விடுத்துக் காசை வழங்கினால் அரசுக்குச் செலவு மிச்சம் என அமெரிக்க அரசின் தணிக்கையகமே 1990-களிலும் 2011-இலும் எழுதியது. செய்யவில்லை. மக்கள் மறுத்தனர் என்பது, செய்ய மனமில்லாதார் பின்னர்த் தேடிக்கொண்ட சாக்கு.

"2012-க்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் காசுகளும் பேழைக்குத்தானே சென்றன? பழங்குடியினர்க்கு மட்டும் நேர்ந்ததா?" என்பர் வேறு சிலர். நேர்மையான கேள்விதான். 2009 முதல் 2011 வரை வந்த பழங்குடித் தாலர்கள் வழக்கத்திற்கு விடப்பட்டன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வாசிங்டனும் லிங்கனும் சாக்சனும் காசை நம்பியிருப்பவர் அல்லர். அவர்க்குத் தாள் உண்டு. 1928 முதல் இருபது தாலர்த் தாளின் முகப்பில் சாக்சன் வீற்றிருக்கின்றார். அவரை மாற்றிக் கருப்பின விடுதலைப் போராளி ஆரியட்டு தப்மனின் உருவை அதன் முகப்பில் வைப்பதாக 2016-இல் அறிவித்தனர். அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. இன்று வழங்கும் தாள்களின் முகப்பில் பழங்குடியினர் எவர்க்கும் இடமில்லை. ஒருவர்க்கு நூறு கதவு. அவற்றுள் ஒன்றை அடைத்தால் இழப்பில்லை. இன்னொருவர்க்கு இருந்ததே ஒரு கதவு. அதனை அடைத்துவிட்டு, "எல்லார்க்கும் பொதுவாகத்தான் அடைத்தோம்" என்பது முறையாகுமா?

"காசு சேர்ப்போர் இல்லையேல் இவ்வரலாறே மறைந்திராதா?" எனின், ஆம். காசு சேர்ப்போர் பழிக்கத்தக்கவர் அல்லர். உருக்காமலும் தேய்க்காமலும் காத்து வைத்தவர் அவரே. அவர்பால் வேண்டுவது ஒன்றுதான். தகலோனிகாப் பொன் தாலரின் விலையைச் சொல்லும்போது, அதன் பொன் எவர் மண்ணிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். அக்கசாலைக் குறியை உருப்பெருக்காடி கொண்டு தேடும் கண்கள், அக்கசாலை எழுந்த நிலத்தையும் தேடுதல் வேண்டும். நிறையும் விட்டமும் மட்டும் எழுதிய பட்டியல் வரலாறாகாது, விலைச்சீட்டே ஆகும்.

செக்குவோயா தம் எழுத்தை ஆக்கியது காசில் பொறிப்பதற்காக அன்று. தாய் மகனுக்கு மடல் எழுதவும், அவை சட்டம் எழுதவும், அச்சகம் செய்தி எழுதவும் ஆக்கினார். அவ்வெழுத்து உயிர்பெற்றது பயன்பாட்டால்; அதனை ஒடுக்க எண்ணியோர் முதலில் பறித்ததும் பயன்பாட்டையே. அச்சுப்பொறியைப் பறித்தனர், பள்ளியில் நாவைக் கட்டினர். எல்லாம் முடிந்தபின் அதே எழுத்தைப் பித்தளையில் பொறித்துப் பேழையில் வைத்தனர். வழங்கவிடாமல் வாழ்த்துவது ஒடுக்குமுறையின் கடைசிப் படி.

இஃது அமெரிக்கர்க்கும் செரோக்கியர்க்கும் மட்டும் உரிய செய்தியன்று. தன் மொழிக்கு விழாவும் விருதும் நினைவுச் சின்னமும் கிடைத்தால் போதும் என்றிருந்து, பள்ளியையும் அலுவலகத்தையும் வழக்குமன்றத்தையும் கடைத்தெருவையும் வேறு மொழிக்கு விட்டுவிடும் இனம் எதுவாயினும், தமிழினமே ஆயினும், அது செக்குவோயாவின் காசைக் கையிலெடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். வழங்கும் மொழியே வாழும் மொழி. வழங்காத காசு, எத்துணை ஒளிர்ந்தாலும், வெறும் வட்டத் தகடே.